சங்கத்தில் சேர்ந்தால் அரிசி விலையில் நம் சொல் ஏறுமா?

சின்னமில் (சம்மாந்துறை):

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

வாப்பா தொடங்கிய சின்ன அரிசி மில் ஒன்றை இப்போது நான் பார்க்கிறேன். அவியல் தொட்டி இரண்டு, நெல் காயப்போடச் சீமெந்துக் களம் ஒன்று, வேலைக்கு ஊர்ப் பொடியன்மார் சிலர். அவ்வளவுதான். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு மும்முரமாகும்போது தரகர்கள் ஈரம் பார்க்கும் மெஷினோடு வயல் கரையிலேயே நிற்பார்கள். நெல் அங்கேயே லொறியில் ஏறிப் பொலன்னறுவைப் பக்கம் போகும். சில மாதம் கழித்து, பெயர் அச்சடித்த பையில் அரிசியாக எங்கள் கடைத்தெருவுக்கே வந்து இறங்கும். பார்க்க வயிறு எரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வர்த்தகர் சங்கம் ஒன்றிலிருந்து வந்து, என்னையும் சேரச் சொல்கிறார்கள். சந்தா என் கைக்குச் சின்னத் தொகை இல்லை. சேர்ந்தால் கொழும்பு வர்த்தகச் சம்மேளனங்களோடு தொடர்பு வரும், அவர்கள் மூலமாக நம் பிரச்சினை நிதியமைச்சு வரை போகும் என்பது அவர்கள் கதை. இதுவரை நான் அந்தச் சங்கத்தில் கண்டது ஆண்டுக்கொரு இராப்போசனமும் பிரமுகருக்குப் பொன்னாடையும்தான்.

எனக்கு ஏன் இந்தக் கேள்வி என்றால், ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2024 டிசெம்பரில் நாட்டரிசியின் மொத்த விலை கிலோ 225, சில்லறை விலை 230 என்று அரசாங்கம் வைத்தது. பெரிய மில்காரரோடு கதைத்த பிறகு வந்த விலை அது. அடுத்த பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு உத்தரவாத விலை 120 என்று அறிவித்தார்கள். என் மில்லில் நூறு கிலோ நெல் போட்டு அறுபத்துமூன்று கிலோ அரிசி எடுத்தால் அது நல்ல நெல். ஆக, 120க்கு வாங்கினால் ஒரு கிலோ அரிசியில் நெல்லுக்கு மட்டும் 190 ரூபா போய்விடும். மிச்சமுள்ள 35 ரூபாவில் கரண்ட், கூலி, பை, லொறி, பாங்க் வட்டி எல்லாம் அடங்க வேண்டும். தவிடு விற்ற காசு கொஞ்சம் கைகொடுக்கும். பெரிய மில்காரர் விலை விழும் நேரம் பார்த்து வாங்கி மாதக் கணக்கில் வைத்திருப்பார். எனக்கு அந்த முதலும் இல்லை, இடமும் இல்லை.

அந்த 225ஐ முடிவு செய்த மேசையில் என்னைப் போல ஒருவன் இருந்திருந்தால் எண் மாறியிருக்குமா? பெரிய சம்மேளனங்கள் உண்மையிலேயே நாட்டின் பொருளாதாரக் கொள்கையை வளைக்கின்றனவா, அல்லது அதுவும் பெரிய அளவிலான பொன்னாடைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


படுவான்கரையான்:

தம்பி, அந்தச் சந்தாக் காசுக்கு நல்ல தார்ப்பாய் வாங்கிப் போடுங்கள். களத்தில் நெல் கிடக்கும்போது மழை வந்தால் உதவும்.

நான் வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை செய்கிறவன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானியில் நிறுத்தினார்களே, அப்போது யார்தான் எழுதவில்லை? தேயிலைக்காரர் எழுதினார்கள், பேராசிரியர்மார் எழுதினார்கள், எங்கள் கண்டத்து (வயல் தொகுதியின்) வட்டவிதானையும் நாங்களும் சேர்ந்து மகஜர் கொடுத்தோம். ஒக்டோபர், நவம்பரில்தான் தடையை விலக்கினார்கள். அதற்குள் எங்கள் பக்கம் விதைப்பு முடிந்துவிட்டது. பயிர் மஞ்சள் பிடித்து முழங்காலளவில் நின்றதை வரம்பில் இருந்து பார்த்தோம். கொழும்புச் சம்மேளனம் அவ்வளவு பெரிய ஆள் என்றால் அந்த ஆறு மாதம் எங்கே போயிருந்தது?

இன்னொன்று. மில்காரர் சங்கம் கூடினால் முதலில் இறங்குவது நெல் விலைதான். கோபிக்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.


பழைய கச்சேரி (கல்லடி):

சின்னமில் தம்பிக்கு,

மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், திட்டமிடல் பகுதியில் இருந்தேன், பிறகு கொழும்பில் ஒரு அமைச்சில் கொஞ்சக் காலம். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆகவே கொஞ்சம் தாராளமாகக் கதைக்கலாம்.

பெரிய சம்மேளனங்கள் கொள்கையில் கை வைக்கின்றனவா என்றால், ஓம், வைக்கின்றன. ஆனால் ஊரில் நினைப்பதுபோல் பணப்பெட்டி கைமாறுவதைத் தேடினால் விஷயம் பிடிபடாது. காகிதத்தைப் பாருங்கள்.

பட்ஜெட்டுக்கு முந்திய மாதங்களில் எல்லாத் தரப்பிடமும் யோசனை கேட்பார்கள். மாவட்டங்களில் இருந்து வருபவை பெரும்பாலும் மகஜர்கள். மேலே கடிதத் தலைப்பு, கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் கையெழுத்து, நடுவே “விவசாயிகள் படும் இன்னல்களைக் கருத்திற் கொண்டு ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்”. வாசிக்கிற அதிகாரிக்கு மனம் இளகும். இளகி? எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவை மாற்றுவது, திறைசேரிக்கு எவ்வளவு குறையும், அதை எங்கே ஈடுகட்டுவது என்று அதில் ஒரு வரி இராது. அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கொழும்பில் இருந்து வருவது வேறு சாதி. இன்ன சட்டம், இன்ன பிரிவு, இப்போதுள்ள வாசகம் இது, இப்படி மாற்றலாம். இறக்குமதிப் பொருளென்றால் அதன் சுங்கக் குறியீட்டு இலக்கம். வருமானம் இவ்வளவு குறையும், விற்பனை கூடினால் இத்தனை ஆண்டில் திரும்பி வரும். பக்கத்தில் ஓர் அட்டவணை. பின்னேரம் நாலு மணிக்கு அமைச்சர் “நாளைக்குக் காலையில் குறிப்பு வேண்டும்” என்று கேட்கும்போது, மேசையில் இருக்கிற இரண்டு தாளில் எதை எடுத்து எழுதுவார் அந்த அதிகாரி? அவருக்கு யாரும் ஐந்து சதம் கொடுக்கவில்லை. வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் வந்து ஒரு கோல் எடுத்தால் அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இருக்கும். எங்கள் பக்கத்துச் சங்கத் தலைவருக்கு எடுத்தால் அவர் கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருப்பார்.

இது இன்று நேற்றுப் பழக்கமும் இல்லை. 1833இல் சட்ட நிரூபண சபை வந்தபோதே ஐரோப்பிய வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் அதில் ஆசனம் இருந்தது. இலங்கை வர்த்தகச் சம்மேளனம் 1839இல் தொடங்கியது, தோட்டக்காரர் சங்கம் 1854இல். சம்மேளனம் தொடங்கியபோது நாட்டுக்குச் சுதந்திரம் வர நூறு வருடத்துக்கு மேல் கிடந்தது! ஆட்சி மாறும், அமைச்சர் மாறுவார், செயலாளர் மாறுவார், சம்மேளனத்தின் செயலகம் அப்படியே இருக்கும். கூட்டம் என்றால் அவர்களுக்கு அழைப்பு தன்பாட்டில் போகும்.

ஆனால் சம்மேளனம் என்பது ஒரே வாயால் பேசுகிற ஆளும் இல்லை. இறக்குமதி செய்கிறவர் தீர்வை குறைய வேண்டும் என்பார், உள்ளூரில் உற்பத்தி செய்கிறவர் இறக்குமதிக்கு மேல் போடும் செஸ் வரி இருக்கவே வேண்டும் என்பார். இந்தியாவோடு விரிவான பொருளாதாரப் பங்காண்மை உடன்படிக்கை ஒன்றை 2008இல் கிட்டத்தட்டக் கையெழுத்து வரை கொண்டுபோனார்கள். உள்ளூர்த் தொழிலதிபர்களின் எதிர்ப்பில் அது நின்றது, நின்றதுதான். கொழும்புப் பெரிய கம்பனிகளிலேயே அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். அன்று வென்றது ஒரு வர்த்தகத் தரப்பு, தோற்றது இன்னொரு வர்த்தகத் தரப்பு.

படுவான்கரையார் கேட்டது நியாயமான கேள்வி. 2021இல் காகிதமெல்லாம் சரியாகத்தான் போயிற்று. மேலே இருப்பவர் கேட்கவே மாட்டேன் என்று முடிவெடுத்தால் எந்தச் சம்மேளனத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு நேர் மறுபக்கமும் உண்டு: சம்மேளனங்களுக்கு இனிக்கிற முடிவு நாட்டுக்கு நன்மையாக முடியும் என்றும் இல்லை. 2019 டிசெம்பரில் வற் (பெறுமதி சேர்) வரியை 15 வீதத்தில் இருந்து 8க்கு இறக்கியபோது முகம் சுளித்த வியாபாரியை நான் காணவில்லை. திறைசேரி காய்ந்துபோனதில் அந்த வரிக்குறைப்புக்கும் பங்குண்டு. 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாக வந்து எல்லோர் தலையிலும் உட்கார்ந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் தொடங்கிய பிறகு கொழும்புக்காரரின் கையும் கொஞ்சம் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறது. வரி வேண்டாம் என்று சொல்ல முடியாது. எதில், எப்போது, எப்படி என்று மட்டும் வாதாடலாம்.

இனி உங்கள் அரிசிக்கு வருகிறேன். அரிசியில் நடப்பது சம்மேளன அரசியலே இல்லை, அது களஞ்சிய அரசியல். 2021 செப்டெம்பர் கடைசியில் அரிசிக்கான உச்ச விலையை அரசாங்கம் நீக்கியது ஞாபகம் இருக்கிறதா? உடனே பெரிய மில்காரர் சிலர் ஊடகங்களைக் கூட்டி, நாட்டரிசி 115, சம்பா 140, கீரிச்சம்பா 165 என்று தாங்களே அறிவித்தார்கள். நெல்லை என்ன விலைக்கு வாங்குவோம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அவர்களுக்கு யோசனைத் தாளும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். நெல் அவர்கள் கையில் இருக்கிறது, திறந்துவிட்டால் கடையில் அரிசி இருக்கும், மூடினால் இராது. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தல் சபையிடமும் களஞ்சியங்கள் இருக்கின்றன, ஆனால் அறுவடை நேரத்தில் சந்தை விலையைத் தாங்கிப்பிடிக்கிற அளவுக்கு வாங்கக் காசு வர வேண்டும், அதுவும் நேரத்துக்கு வர வேண்டும். ஆகவே தம்பி, அந்த மேசையில் நீங்கள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் 225 என்ற எண் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாறக்கூடியது வேறு: சின்ன மில்லுக்கு அறுவடைக் காலத்தில் நெல்லை ஈடு வைத்துக் கடன் எடுக்கிற வழி, அதன் வட்டி, உலர்த்தும் இயந்திரத்துக்கான வரி. அவை சின்னச் சின்ன வாசகங்கள். எழுதிக் கொடுத்தால் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று, இதை நான் சங்கங்களுக்கு ஆதரவாகவே சொல்கிறேன். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனிக்கான விசேட பண்ட வரியை 50 ரூபாவில் இருந்து 25 சதமாக ஆக்கினார்கள். அரசாங்கத்துக்குக் கோடிக் கணக்கில் போயிற்று, கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அதை எந்தச் சம்மேளனமும் யோசனையாக எழுதி, நாலு பேர் வாசிக்க வெளியிடவில்லை. சங்கம் கேட்டால் ஊருக்குத் தெரியும், எதிர்க்கலாம். தனியாளின் தொலைபேசிக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்காவில் யார் யாருக்காக அரசாங்கத்திடம் பேசுகிறார்கள் என்று பதிய 1995இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே அப்படி ஒரு பதிவேடு இல்லை. அதனால் வெளிப்படையாகக் கேட்கிற சங்கத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன், அதன் பொன்னாடை எவ்வளவு நீளமாக இருந்தாலும்.


நெசவுக்காரி (மருதமுனை):

ஐயா சொன்ன “ஒரே வாய் இல்லை” என்பதை எங்கள் ஊர்க் கதையால் நிரப்புகிறேன்.

எங்கள் வீட்டில் உம்மா காலத்தில் இருந்து கைத்தறி. சுனாமியில் தறி போய், திரும்ப நிறுத்தினோம். நூலும் சாயமும் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். டொலர் ஏறினால் நூல் ஏறும், நூல் ஏறினால் நாங்கள் சாரத்தின் விலையை ஏற்ற வேண்டும், ஏற்றினால் கல்முனைச் சந்தையில் பக்கத்திலேயே விசைத்தறிச் சாரம் பாதி விலையில் தொங்கும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கையில் பிடித்துக் கரையைப் பார்த்தால்தான் தெரியும். இப்போது யார் கரையைப் பார்க்கிறார்கள்?

நாங்கள் சில பேர் ஒரு சங்கத்தில் சேர்ந்தோம். பெயர் வேண்டாம். கொழும்புக்கு அனுப்பக் கடிதம் எழுதினோம். முதல் பாதி: நூலுக்கும் சாயத்துக்கும் தீர்வையைக் குறையுங்கள். இரண்டாம் பாதி: வெளியில் இருந்து வருகிற விசைத்தறிச் சாரத்துக்கும் சாரிக்கும் தீர்வையைக் கூட்டுங்கள். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் புடைவைக் கடைக்காரர். அவர்களுக்கு இந்தியச் சரக்குத்தான் வியாபாரம். அவர்கள் எங்கள் விரோதிகளும் இல்லை, எங்கள் துணியையும் வாங்கி விற்கிறவர்கள்தான். கடிதம் கடைசியில் போனபோது இரண்டாம் பாதி இல்லை. முதல் பாதியும் “கைத்தறித் துறைக்கு ஊக்கமளிக்க வேண்டும்” என்று வழவழவென்று ஆகிவிட்டது. அதற்கு ஊக்கமும் வந்தது: ஒரு கண்காட்சி, அதில் எங்களுக்கு ஒரு மேசை.

தம்பி, சேர்வதற்கு முன் நிர்வாகக் குழுவில் யார் யார், அவர்களின் வியாபாரம் என்ன என்று கேளுங்கள். உங்கள் சங்கத்தில் அரிசி ஏஜென்சி எடுத்தவர் ஒருவர் இருந்தால், பொலன்னறுவை அரிசிப் பையைத்தான் அவர் ஏற்றி இறக்குகிறார் என்றால், உங்கள் கடிதத்தின் எந்தப் பாதி போகும்?


கொழும்பில் ஒரு மட்டக்களப்பான்:

நான் வரிக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். கச்சேரி ஐயா சொன்ன அந்த அட்டவணைகளைத் தட்டச்சுச் செய்கிறவர்களில் நானும் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா காகிதத்தைச் சொன்னார், நான் ஆட்களைச் சொல்கிறேன். 2024இல் புதிய ஜனாதிபதி வந்ததும் பொருளாதாரத்துக்கான சிரேஷ்ட ஆலோசகராக நியமித்தது துமிந்த ஹுலங்கமுவவை. அப்போது அவர் இலங்கை வர்த்தகச் சம்மேளனத்தின் தலைவர், வரித்துறையில் பெரிய பெயர். இடதுசாரி அரசாங்கம் என்று ஊரில் பயந்தவர்கள் அன்றைக்கே மூச்சு விட்டிருப்பார்கள். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாணய நிதியத்தோடு கணக்குப் பேசத் தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனை பேர்? அவர்கள் பெரும்பாலும் எங்கே வேலை செய்கிறார்கள்? கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்று சொன்னபோதும் அதுதான் நடந்தது. அதை ஆராய அமைத்த குழுவில் ஆடைத் துறையினர் இருந்தார்கள். அது 30 ஆகி, ஓகஸ்டில் 20இல் வந்து நின்றது. எவ்வளவு யாரால் குறைந்தது என்பது வேறு விவாதம். ஆனால் மட்டக்களப்பில் இருந்து விடிய ஐந்து மணிக்குக் கார்மென்ட்ஸ் பஸ் ஏறுகிற பிள்ளைகளின் வேலையும் அந்த எண்ணில்தான் தொங்கியது. முதலாளிமார் சங்கத்தின் குரல் அன்றைக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான் ஒலித்தது.

மறுநாள் அதே குரல் அவர்களுக்கு எதிராகவும் போகும். மலையகத்தைப் பாருங்கள். 2024 மே மாதம் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில் 1,350 என்று வந்து நின்றது. கூட்டத்தில் கதைத்துக் கிடைக்காததை வழக்காடி எடுக்கிற பலமும் அவர்களுக்கு உண்டு. ஒரு சட்டத்தரணிக்கே காசு சேர்க்கிற நம் சங்கங்களுக்கு அந்த வழி இல்லை.

சின்னமில் அண்ணனுக்கு ஒரு தகவல். சந்தா கட்டாமலே பார்க்கக்கூடியது இது: பெரிய சம்மேளனங்கள் தங்கள் பட்ஜெட் யோசனைகளைப் பற்றி அறிக்கை விடும், பத்திரிகையிலும் வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்ஜெட் உரையை வாசியுங்கள். எத்தனை வந்திருக்கிறது, எத்தனை வரவில்லை என்று தெரியும். வராததும் நிறைய இருக்கும். 2026 பட்ஜெட்டில் வற் வரிக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லையை ஆண்டுக்கு 60 மில்லியனில் இருந்து 36 மில்லியனுக்கு இறக்க முன்மொழிந்தார்கள். மாதம் 30 இலட்சம் விற்கிற நடுத்தரக் கடை உள்ளே வந்துவிடும். பெரிய கம்பனி ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது, அதற்கு இதில் ஒரு வலியும் இல்லை. சொல்லப்போனால், வரி கட்டாத சின்னவனும் கட்டட்டுமே என்ற நினைப்பும் இருக்கலாம். இதற்கு எதிராகக் குரல் கொடுக்க வேண்டியது கல்முனை, காத்தான்குடிக் கடைக்காரர்தான். கொழும்புச் சம்மேளனம் இதற்காகத் தொண்டை கிழியக் கத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.


சின்னமில் (சம்மாந்துறை):

எல்லோருக்கும் நன்றி. நெசவுக்கார ராத்தா சொன்னதைக் கேட்டு நிர்வாகக் குழுப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ராத்தாவுக்கு எப்படித் தெரியுமோ! அரிசி ஏஜென்சிக்காரர் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் உப தலைவர்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. சங்கத்தில் சேராமல், நாங்கள் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சின்ன மில்காரர் சிலர் மட்டும் கூடி எழுதினால் யாராவது எடுத்து வாசிப்பார்களா? வாசிப்பார்கள் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்?


பழைய கச்சேரி (கல்லடி):

வாசிப்பார்கள், நீங்கள் வாசிக்கத் தக்கதாக எழுதினால்.

“சின்ன மில்கள் நசிகின்றன” என்று தொடங்க வேண்டாம். இந்தப் பெரும்போகம் முழுக்க ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு தொகுதி நெல்லுக்கும் வாங்கிய விலை, வாங்கும்போது ஈரம், காய்ந்த பிறகு நிறை, அரிசி எவ்வளவு, குருணல் எவ்வளவு, தவிடு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு. நெல் சந்தைப்படுத்தல் சபை 14 வீத ஈரத்துக்குத்தான் உத்தரவாத விலை கொடுக்கும், உங்களுக்கு வருகிற நெல் வெட்டும் மெஷினில் இருந்து நேரே இறங்கின நெல். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு கரைகிறது என்று உங்கள் கொப்பியைத் தவிர வேறெங்கும் தேடிப் பிடிக்க முடியாது. அமைச்சில் இருந்தபோது இப்படி ஒரு கணக்கு எங்கள் பக்கத்தில் இருந்து வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தால் அதைத்தான் முதலில் எடுத்திருப்பேன். ஐந்து மில்லின் கொப்பி போதும், ஐம்பது கையெழுத்து வேண்டாம்.

பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். ஒன்றுதான். அறுவடைக் கடனா, உலர்த்தும் இயந்திரமா, நீங்களே முடிவெடுங்கள். பதினாறு கோரிக்கை எழுதினால் சுலபமானதைத் தருவார்கள், அது உங்களுக்கு வேண்டாததாக இருக்கும். கடன் என்றால் எந்தச் சுற்றறிக்கையில் எந்த நிபந்தனை உங்களைத் தடுக்கிறது என்று பாங்கில் கேட்டு எழுதுங்கள். நிபந்தனை எழுத்தில் இருந்தால் பிரதி எடுத்து இணையுங்கள்.

ஒரு பிரதி நிதியமைச்சுக்கு, ஒன்று மாவட்டச் செயலாளருக்கு, ஒன்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு. வரி வர்த்தமானிகள் அந்தக் குழுவுக்குப் போகின்றன, அங்கே எதிர்க்கட்சிக்காரரும் உட்காருகிறார்கள், கேள்வி கேட்கத் தகவல் தேடுகிறார்கள். நம் மாவட்ட எம்பிமாருக்கும் கொடுங்கள், பொன்னாடை போடாமல். தமிழில் எழுதலாம், உங்கள் உரிமை அது. ஆனால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பக்கச் சுருக்கம் வைத்தால் அன்றைக்கே வாசிப்பார்கள். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புக்குப் போய் மாசியில் போனது ஆவணியில் திரும்பும்.


கொழும்பில் ஒரு மட்டக்களப்பான்:

ஆங்கிலச் சுருக்கத்தையும் அட்டவணையையும் நான் செய்து தருகிறேன் அண்ணன். கொப்பியைப் படம் பிடித்து அனுப்புங்கள், எழுத்து விளங்குகிற மாதிரி.


படுவான்கரையான்:

கொப்பி போடுகிறீர்கள், நல்ல விஷயம். வாங்கிய விலை என்ற நிரலில் உண்மையான விலையைப் போடுங்கள் தம்பி. போன மாசியில் என் வயல் கரையில் 120 தரவும் ஆள் இல்லை, ஈரம் ஈரம் என்று சொல்லி இறக்கித்தான் ஏற்றினார்கள். ஏற்றிய லொறி எல்லாமே பொலன்னறுவை லொறியும் இல்லை. அந்த நிரல் சரியாக இருந்தால் எங்கள் கண்டத்துக் கணக்கையும் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறேன், இரண்டும் சேர்ந்தே போகட்டும். இல்லாவிட்டால் நாங்கள் தனியாக எழுதுவோம், உங்கள் மில்லையும் சேர்த்து.